இயேசுவின் சொல் மட்டும் போதுமா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மிஷன் பள்ளிகளில் படித்த இந்துத் தமிழர்கள் நிறையப் பேர். வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். பள்ளியில் நல்ல சமாரியன் கதை சொல்லித் தருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மதம் மாறவில்லை என்றாலும் அந்தக் கதை மனத்தில் தங்கிவிட்டது. வேறு சிலர் கிறிஸ்துவக் குடும்பத்திலேயே பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, பின்னாளில் கடவுள் நம்பிக்கையே இல்லாமல் போனவர்கள். இந்த இரு வகையினருக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. இயேசு தண்ணீர் மீது நடந்தார் என்பதை நம்பாமல், அவர் உயிர்த்தெழுந்தார் என்பதை ஏற்காமல், அவர் போதித்த ஒழுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாழ முடியுமா?

"தாராளமாக முடியும், இதில் என்ன சிரமம்?" என்று சட்டென்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "மரம் வேண்டாம், பழம் மட்டும் வேண்டும் என்பது என்ன நியாயம்?" என்று கோபித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பினரும் மறந்துவிடும் ஒரு விஷயம், இதை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் உண்டு என்பதுதான். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் விவாதம் வேறு திசையில் போகிறது.

கத்தியோடு உட்கார்ந்த அதிபர்

அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சன். அவர் பதவியில் இருந்தபோதே, 1804ஆம் ஆண்டு, சில இரவுகள் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டிலிருந்து இயேசுவின் போதனைகளை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினார். அந்த முதல் தொகுப்பு இன்று கிடைக்கவில்லை. ஓய்வு பெற்று வெர்ஜீனியாவில் உள்ள மான்டிசெல்லோ இல்லத்தில் வாழ்ந்தபோது அதே வேலையை இன்னும் பொறுமையாகச் செய்தார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பிரதிகளை வாங்கினார். கூரிய கத்தியால் வேண்டியதை வெட்டி, நான்கு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசையால் ஒட்டினார். 1820ல் அந்த வேலை முடிந்தபோது அவருக்கு வயது 77. நாசரேத்து இயேசுவின் வாழ்க்கையும் ஒழுக்கமும் என்பது அவர் வைத்த தலைப்பு. மொத்தம் 84 பக்கங்கள்.

அந்தப் பக்கங்களில் குருடர் பார்வை பெறுவது இல்லை. ஐந்து அப்பங்கள் ஆயிரக்கணக்கானோருக்கு உணவாவது இல்லை. மலைப்பிரசங்கம் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது, உவமைக் கதைகள் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் இயேசுவை அடக்கம் செய்து, கல்லறை வாசலில் பெரிய கல்லை உருட்டி வைத்துவிட்டு எல்லாரும் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் நாள் என்று ஒன்று அந்தப் புத்தகத்தில் கிடையாது.

ஜெபர்சன் இதை அச்சிடவில்லை. நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 1895ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருடைய வழித்தோன்றல் ஒருவரிடமிருந்து 400 டாலருக்கு அதை வாங்கியது. 1904ல் அமெரிக்க நாடாளுமன்றமே 9,000 பிரதிகள் அச்சிட்டது. இத்தனைக்கும் ஜெபர்சன் நாத்திகர் அல்லர். உலகைப் படைத்த ஒருவர் உண்டு என்று நம்பியவர். அற்புதங்களையும் திரித்துவத்தையும் அவர் ஏற்கவில்லை.

இதுவரை கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் தயாரான அதே மான்டிசெல்லோவில்தான் அடிமைகளும் வாழ்ந்தார்கள். ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். வாழும்போது இருவரை விடுவித்தார், உயிலில் ஐவரை விடுவித்தார். 1826ல் அவர் மறைந்தபின், கடனை அடைக்க, 1827 ஜனவரியில் சுமார் 130 பேர் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். குடும்பங்கள் பிரிந்தன. உன்னைப் போல் உன் அயலானையும் நேசி என்ற கட்டளையை நான்கு மொழிகளில் ஒட்டி வைத்தவரின் வீட்டு வாசலில் நடந்த ஏலம் அது.

அற்புதத்தை வெட்டுவதற்கு ஒரு நல்ல கத்தி போதும். கட்டளையைக் கத்தியால் ஒன்றும் செய்ய முடியாது, அது காகிதத்திலேயே இருந்துகொண்டிருக்கும். நம்பிக்கை இல்லாமல் இயேசுவைப் பின்பற்றுவது எளிது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அடிமைகளை வைத்திருந்த நம்பிக்கையாளர்களும் அந்த நாட்டில் ஏராளம் என்பதால், எதிர்த் தரப்பினரும் இதில் மகிழ்ச்சி அடைவதற்கு ஒன்றுமில்லை.

அதே ஆண்டு கல்கத்தாவில்

ஆச்சரியம் என்னவென்றால், அதே 1820ல் உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொருவர் ஏறக்குறைய இதே வேலையைச் செய்தார். அவர் ராஜா ராம்மோகன் ராய். உடன்கட்டை ஏறுதலை ஒழிக்கப் போராடியவர் என்று பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்த அதே ராம்மோகன் ராய்தான். இயேசுவின் போதனைகள், அமைதிக்கும் மகிழ்ச்சிக்கும் வழிகாட்டி என்ற பொருள்படும் தலைப்பில் நான்கு சுவிசேஷங்களிலிருந்து ஒழுக்கப் போதனைகளைத் திரட்டிக் கல்கத்தாவில் வெளியிட்டார். ஜெபர்சன் மேசைக்குள் வைத்துக்கொண்டார், ராம்மோகன் ராய் கடைவீதிக்குக் கொண்டுவந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அற்புதங்களை ஏன் விட்டுவிட்டார் என்பதற்கு அவர் சொன்ன காரணம் சுவையானது. அற்புதக் கதைகளுக்கு இந்த மண்ணில் பஞ்சமே இல்லை, இங்கு வழங்கும் கதைகளுக்கு முன்னால் சுவிசேஷத்து அற்புதங்கள் எடுபடாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஒழுக்கமோ எந்த மதத்தாருக்கும் விளங்கும், யாரும் சண்டை போட வேண்டியதில்லை என்று அவர் எதிர்பார்த்தார்.

சண்டை உடனே வந்தது. செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனரிகள், குறிப்பாக ஜோஷுவா மார்ஷ்மன், தங்கள் பத்திரிகையில் கடுமையாக எழுதினார்கள். ராம்மோகன் ராய் 1820க்கும் 1823க்கும் இடையில் மூன்று மறுப்பு நூல்கள் எழுதினார். மூன்றாவது நூலை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்ததால் சொந்தமாக அச்சகமே தொடங்கினார். வில்லியம் ஆடம் என்ற மிஷனரி இந்த வாக்குவாதத்தின் நடுவே ராம்மோகன் ராய் பக்கமே சாய்ந்துவிட, 'இரண்டாவது ஆதாமும் விழுந்துவிட்டான்' என்று ஊரில் கேலி பேசினார்களாம்.

மார்ஷ்மனைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இந்தப் போதனைகளை முழுமையாகக் கடைப்பிடிக்க மனிதனால் முடியாது, அதனால்தான் அவனுக்கு மன்னிப்பு தேவை, அந்த மன்னிப்பைக் கொடுப்பதுதான் சிலுவை, அதை எடுத்துவிட்டால் மனிதனிடம் மிஞ்சுவது அவனால் நிறைவேற்ற முடியாத ஒரு பட்டியல்தான் என்றார் அவர். கிறிஸ்துவ நம்பிக்கையை ஏற்காதவர்களும் இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அற்புதத்தை விடுபவர் கூடவே மன்னிப்பையும் விட்டுவிடுகிறார். தவறிவிட்டால் எங்கே போவது என்ற கேள்வி அவருக்குத் தனியாக வருகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபிசி வானொலியில் சி. எஸ். லூயிஸ் சொன்ன வாதமும் பிரபலமானது. தன்னைப் பற்றி அவ்வளவு பெரிய உரிமை கொண்டாடியவரை வெறும் நல்ல ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது, ஒன்று அவர் சொன்னது உண்மை அல்லது அவர் நல்லவரே அல்லர் என்றார். மேடைக்கு நல்ல வாதம்தான். ஆனால் அந்தச் சொற்களையெல்லாம் இயேசுவே சொன்னாரா, பின்னால் வந்தவர்கள் எழுதினார்களா என்ற கேள்வியை அது தாண்டிப் போய்விடுகிறது.

இன்னும் கனமான எதிர்ப்பு ஆல்பர்ட் சுவைட்சரிடமிருந்து வந்தது. 1906ல் வெளிவந்த ஆய்வு நூலில், உலகம் விரைவில் முடியப்போகிறது என்று இயேசு எதிர்பார்த்தார், அவருடைய கட்டளைகள் அந்தக் குறுகிய காலத்துக்கானவை என்று எழுதினார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்பது நாளை இல்லாதவர்களுக்குப் பொருந்தும், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குச் சேமிப்பவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? இப்படி எழுதியவர் என்ன செய்தார் தெரியுமா? 30 வயதில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1913ல் இன்றைய காபோன் நாட்டில் உள்ள லம்பரேனேவுக்குப் போய் மருத்துவமனை கட்டினார். அவருடைய கொள்கை சரியில்லை என்று பாரிஸ் மிஷன் சங்கம் தயங்கியபோது, பிரசங்கமே செய்யமாட்டேன், வைத்தியம் மட்டும் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 1952ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

டால்ஸ்டாய் வீட்டில் நடந்தது

கட்டளைகளை அப்படியே கடைப்பிடிக்கப் புறப்பட்டவர் ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய். ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், புகழும் சொத்தும் குவிந்திருந்த நேரத்தில் அவருக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. சுவிசேஷங்களைத் தாமே கிரேக்கத்திலிருந்து படித்து, அற்புதங்களை நீக்கி, மலைப்பிரசங்கத்தில் ஐந்து கட்டளைகளைக் கண்டார். கோபம் கூடாது, இச்சை கூடாது, ஆணையிடுவது கூடாது, தீமையைப் பலத்தால் எதிர்ப்பது கூடாது, எந்த நாட்டவரையும் பகைவராக எண்ணுவது கூடாது. நான்காவதுதான் நடுநாயகம். அதை ஏற்றால் போர் இல்லை, படை இல்லை, நீதிமன்றமும் சிறையும் கூட இல்லை. ரஷ்ய அரசு அவர் நூல்களைத் தடை செய்தது. 1901ல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது.

வெளியே கிடைத்த புகழ் வீட்டுக்குள் துன்பமாக மாறியது. 1881க்குப் பிறகு எழுதியவற்றின் காப்புரிமையை அவர் 1891ல் துறந்தார். அவருடைய மனைவி சோபியா 13 பிள்ளைகளைப் பெற்றவர், கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துக் கொடுத்தவர். குடும்பம் எப்படி நடக்கும் என்று அவர் கேட்டதில் என்ன தவறு? பகைவரை நேசிக்கச் சொன்னவர் சொந்த மனைவியோடு ஒரே கூரையின் கீழ் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 82 வயதில், ஒரு விடியற்காலையில் மனைவிக்குத் தெரியாமல் வீட்டை விட்டு வெளியேறினார். சில நாள்களில் அஸ்தபோவோ என்ற சிறிய ரயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் வீட்டில் உயிர் பிரிந்தது. மார்ஷ்மன் இருந்திருந்தால், 'நான் சொன்னது இதைத்தான்' என்றிருப்பார்.

ஆனாலும் டால்ஸ்டாயின் முயற்சி வீணாகிவிட்டது என்று எழுதிவிட முடியாது. தமிழர்களுக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. 1908ல் தாரக்நாத் தாஸ் என்ற வங்காள விடுதலைப் போராளிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், இயேசுவின் போதனைக்குத் துணையாகத் திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்திலிருந்து சில குறள்களை எடுத்துக்காட்டினார். மறு கன்னத்தைக் காட்டு என்பதைவிட, தீங்கு செய்தவன் வெட்கப்படும்படி நன்மை செய்துவிடு என்ற வள்ளுவர் வழி ஒரு படி நடைமுறைக்கு நெருக்கமானது என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்தக் கடிதத்தை 1909ல் கப்பல் பயணத்தின்போது குஜராத்தியில் மொழிபெயர்த்தவர் அப்போது தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த மோகன்தாஸ் காந்தி.

தமிழ்ப் பிள்ளைகள் படித்த பண்ணை

காந்தி லண்டனில் மாணவராக இருந்தபோது பைபிள் படித்தவர். பழைய ஏற்பாடு தூக்கத்தை வரவழைத்தது, மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சில் பதிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கிறிஸ்துவராக மாறும்படி நண்பர்கள் வற்புறுத்தியும் மாறவில்லை. கடவுள் நம்பிக்கை அவருக்கு நிறைய இருந்தது, ஆனால் அது இந்து நம்பிக்கை.

1910 மே மாதம், ஹெர்மன் காலன்பாக் என்ற யூதக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் பண்ணையை வாடகை இல்லாமல் கொடுத்தார். டிரான்ஸ்வால் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் சிக்கனமாகத் தங்குவதற்கு அந்த இடம். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் மிகுதி என்பதால், பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தியே. கப்பலிலும் சிறையிலும் கற்ற கொஞ்சம் தமிழ், ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கைநூல், இவ்வளவுதான் அவர் கையிருப்பு. பிள்ளைகளுக்குத் தன்னைவிட நன்றாகத் தமிழ் பேசத் தெரிந்ததை அவர் மறைக்கவில்லை.

அங்கே நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் காந்தி தம் சுயசரிதையில் சொல்கிறார். 17 வயதுப் பையன் ஒருவன் அடங்காமல் திரிந்தான். ஒருநாள் காந்தி பொறுமை இழந்து ரூலர் தடியால் அவன் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கியது. பையன் நல்ல பலசாலி, திருப்பி அடித்திருக்கலாம். அவன் அழுது மன்னிப்புக் கேட்டான், வலியினால் அல்ல, அவர் பட்ட வேதனையைப் பார்த்து. அந்த அடிக்காக வருந்துவதாகக் காந்தி பல ஆண்டுகள் கழித்தும் எழுதினார். அதற்குப் பிறகு மாணவர்களை அவர் அடித்ததில்லை. வன்முறை வேண்டாம் என்ற கொள்கையின் பெயரால் அமைந்த பண்ணையில் ஒரு ரூலர் தடி. கொள்கை அங்கே உடைந்தது, ஆனால் உடைந்த இடத்திலேயே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடவுளே இல்லை என்றவர்

இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் கடவுளை நம்பியவர்கள். நம்பாதவர் என்ன சொல்வார்? தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927 மார்ச் 6ஆம் தேதி லண்டன் பேட்டர்சீ நகர மண்டபத்தில், தாம் ஏன் கிறிஸ்துவர் அல்லர் என்று உரையாற்றினார். இயேசுவின் சில போதனைகளில், கிறிஸ்துவர் என்று சொல்லிக்கொள்பவர்களைவிடத் தாம் அதிகமாக உடன்படுவதாக அந்த உரையில் அவர் சொன்னார். மறு கன்னம், பிறரைத் தீர்ப்பிடாமை, கேட்பவனுக்குக் கொடுப்பது ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதால் 1918ல் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தவர் என்பதால் அது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல.

ஆனால் ரஸ்ஸலுக்கு ஒரு பெரிய மனக்குறை. இயேசு நரகத்தைப் பற்றிப் பேசியதை அவரால் ஏற்க முடியவில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரம் இதற்கு நல்ல உதாரணம். பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பவைதான் அங்கே கடைசி நாளில் பார்க்கப்படும் கணக்கு. கோட்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் மிகவும் விரும்பும் பகுதி அது. அதே பகுதியின் முடிவில், கொடுக்காதவர்களுக்கு நித்திய தண்டனையும் இருக்கிறது. முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை வெட்டுபவர், தாம் வெட்டுகிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ரஸ்ஸலும் ஹிட்லர் வந்தபோது எதிர்த்துப் போரிடத்தான் வேண்டும் என்று மாறினார். மறு கன்னத்துக்கு அங்கே ஓர் எல்லை வந்தது.

மறு கன்னத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் பொறுத்துப் போ என்று ஒரு பெண்ணுக்கு உபதேசம் செய்ய இந்தச் சொல்லைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. இது அடி வாங்கியவர் தாமாக எடுக்கும் முடிவைப் பற்றிய சொல். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் அடுத்தவர் கன்னத்தைக் காட்ட முடியாது. அவருக்குப் பொருந்துவது சமாரியன் கதை, அதாவது நின்று, இறங்கி, தூக்கி விடுவது. அந்தக் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போனவர்கள் சமயப் பணியாளர்கள், நின்றவன் வேறு சமயக் கூட்டத்தவன் என்று வெறுக்கப்பட்டவன். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து படிக்க ஏற்ற கதை அதுதான்.

மார்ஷ்மன் எழுப்பிய கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. நம்பிக்கை உள்ளவர் தவறினால் முழங்கால் படியிட்டுக் கடவுளிடம் கேட்கலாம். இல்லாதவர் யாரிடம் கேட்பது? மலைப்பிரசங்கத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள் என்கிறார் இயேசு. பலிபீடம் இல்லாதவருக்கும் சகோதரன் வீடு இருக்கிறது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் சொத்துத் தகராற்றில் பத்து வருடம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் ஒரே நகரத்தில், இரண்டு பேருந்து நிறுத்தங்கள் தள்ளி இருக்கிறார்கள். ஒரு சாவு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

ஜெபர்சன் அந்தப் பகுதியை வெட்டவில்லை. நான்கு மொழிகளிலும் அது அவருடைய புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது.